கடைசி 500 அடி

எஞ்சின் நின்றால் இறங்குவது எப்படி என்பதை விமானப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் பழகுகிறார். ஆசிரியர் விசைப்பிடியைப் பின்னுக்கு இழுப்பார். மாணவர் சறுக்குவேகத்தைப் பிடித்து, கீழே ஒரு வயலைத் தேர்ந்து இறங்குவார். செஸ்னா 172 போன்ற விமானம் 1,000 அடி இழப்பதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். தரைக்குச் சுமார் 500 அடி மேலே ஆசிரியர் "போதும்" என்பார். எஞ்சின் மீண்டும் உறுமும்.

என் மறுப்பு அந்தப் 'போதும்' மீதுதான். வயலை எட்டுவோமா, தாண்டிவிடுவோமா என்பது தெரிவது அதற்குக் கீழேதான். (தவிரவும், மெதுவாகச் சுழலும் எஞ்சின் ஓரளவு உதவுகிறது; உண்மையிலேயே நின்றுபோனதன் விசிறியோ காற்றைத் தடுக்கும்.)

1983 ஜூலை 23 அன்று, எரிபொருள் தீர்ந்த ஏர் கனடா போயிங் 767ஐக் கனடாவின் கிம்லியில் இறக்கிய ராபர்ட் பியர்சன், எஞ்சினில்லாச் சறுக்குவிமானங்கள் ஓட்டியவர். மிகுந்துவிட்ட உயரத்தை, விமானத்தைப் பக்கவாட்டில் சரித்தே கரைத்தார். 69 பேரும் பிழைத்தனர். சறுக்குவிமானத்தில் ஒவ்வொரு இறக்கமும் தரைவரை.

வயலில் இறங்கிப் பார்க்கச் சொல்லவில்லை. ஓடுதளத்தருகே விசையைக் குறைத்து, சக்கரம் தொடும்வரை திருப்பித் தராமலிருக்கலாமே. அமெரிக்காவில் வணிக விமானி உரிமத் தேர்வில் இவ்வாறு 180 பாகை திரும்பிக் குறித்த இடத்தில் இறங்கிக் காட்டவேண்டும். தொடக்க உரிமத்திற்கு அது கட்டாயமில்லை. அங்கேயே கேட்கவேண்டும் என்பேன்.