இருசக்கர வாகனமும் அதின் ஆயுளும்



“கார் பல ஆண்டுகள் உழைக்கிறது, மோட்டார் சைக்கிளோ சீக்கிரத்தில் தளர்ந்துபோகிறதே, தரம் குறைவோ?” என்று மும்பையில் வாழும் சகோதரர் ஒருவர் என்னிடம் வினவினார்.

தரம் மாத்திரம் காரணமன்று, அமைப்பே வேறு. சிறிய காரின் இன்ஜினில் ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில் உண்டு, 100 சி.சி. வண்டியிலோ ஏறக்குறைய 1 லிட்டரே. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அந்த ஒரே ஆயில்தான் இன்ஜின், கிளட்ச், கியர் ஆகிய மூன்றையும் காக்கவேண்டும். காரின் கியர் பெட்டிக்கோ தனி ஆயில் உண்டு. ஆகையால் வண்டியின் ஆயில் விரைவில் வலுவிழக்கிறது. செயினும் மழைக்கும் புழுதிக்கும் எளிதில் ஆளாகிறது.

எனவே, காருக்குரிய கெடுவை உங்கள் வண்டிக்கு வைக்காதிருங்கள். கையேடு குறிக்கும் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். விலை மலிவென்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும், ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறியைப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் செயினை அடிக்கடி துடைத்து, ஆயிலிட்டு, அதின் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

செயின் அறுந்தால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடக்கூடும். உங்களுக்குப் பின்னே அமர்ந்திருப்பது உங்கள் மனைவியும் பிள்ளையும் அல்லவா? சிறு செலவை மிச்சம்பிடிக்க எண்ணி, அவர்களை ஆபத்துக்கு உட்படுத்தாதிருங்கள்.