'சி' சான்றிதழ் இருக்கு... ராணுவ அதிகாரி ஆகலாமா? தூத்துக்குடி என்.சி.சி. மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிற ஒருவரின் மகன் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கல்லூரியில் என்.சி.சி. தரைப்படைப் பிரிவு. 'பி' சான்றிதழ் வாங்கியாயிற்று. 'சி' தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். "எதுக்குப்பா இந்த சர்ட்டிபிகேட்?" என்று கேட்டேன்.

"போலீஸ் செலக்‌ஷன்ல மார்க் சேர்த்துப் போடுவாவ சார். அக்னிவீருக்கும் போனஸ் மார்க் உண்டும்லா."

இதே சான்றிதழை வைத்து ராணுவத்தில் அதிகாரியாகவே சேர விண்ணப்பிக்கலாம், அதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது என்று சொன்னேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் நமக்கு யார் சார் தருவா?"

மூன்று வருஷம் வெயிலில் நின்று பரேடு பண்ணி, பூட்ஸுக்கு பாலிஷ் போட்டு, முகாமில் வரிசையில் நின்று சாப்பிட்ட பையனுக்கு இந்த விஷயம் தெரியவில்லை. அவர் மீது தப்பு இல்லை. என்.சி.சி. என்றால் குடியரசு தின அணிவகுப்பு, ரத்த தானம், கடற்கரை சுத்தம் செய்வது, கூடுதல் மதிப்பெண் என்றுதான் இங்கே பழகிப்போயிருக்கிறது. அதற்குள் ஒரு அதிகாரி வேலைக்கான கதவு இருப்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்?

'ஆபீசர்' என்ற சொல் எங்கே போனது?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி 1917-ல் தொடங்கியது. 1920-ல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அதற்கே 'பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை' என்று பெயர் மாற்றினார்கள். போருக்கு அதிகாரிகள் தேவைப்பட்டார்கள், பட்டதாரிகளிடமிருந்து அவர்களை எடுக்க நினைத்தார்கள். நோக்கம் பெயரிலேயே இருந்தது.

பிறகு ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1948-ல் தேசிய மாணவர் படை சட்டம் வந்தது. பள்ளி மாணவர்களும் சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டு பெண்கள் பிரிவும் வந்தது. படை பெரிதானது, பெயரில் இருந்த 'அதிகாரி' போய்விட்டது. அமெரிக்காவில் 1916-ல் தொடங்கிய ஆர்.ஓ.டி.சி. வேறு மாதிரி. அங்கே கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை பெறும் மாணவர், பட்டம் வாங்கியதும் அதிகாரியாகச் சில ஆண்டுகள் பணியாற்றியே ஆக வேண்டும். நம் என்.சி.சி.யில் அந்தக் கட்டாயம் கிடையாது. கேடட்டை ராணுவப் பணிக்கு அழைத்துப் போக முடியாது என்று சட்டமே சொல்கிறது. "என்.சி.சி.ல சேர்த்தா பிள்ளைய மிலிட்டரிக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க" என்று பயப்படும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டு, 1968-ல் விருப்பப் பாடமானது. அதே 1968-ல் தமிழ்நாட்டுக்குத் தனியாக ஒரு கதை உண்டு. ஜனவரி 23-ல் அண்ணா அரசு கொண்டுவந்து சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி. கட்டளைச் சொற்கள் இந்தியில் இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. இன்றைக்கும் மைதானத்தில் 'சாவ்தான்', 'விஷ்ராம்' தான். நம் மாணவர் மூன்று வருஷம் இந்தியில் கட்டளை கேட்டு நிற்கிறார். அதிகாரி தேர்வு என்று வந்தால் அங்கே ஆங்கிலம் கேட்கிறார்கள். அந்த ஆங்கிலத்துக்கு இந்த மூன்று வருஷத்தில் மணிக்கணக்கு எவ்வளவு ஒதுக்கினோம்?

கதவு எங்கே இருக்கிறது?

'என்.சி.சி. சிறப்பு நுழைவு' என்று ஒரு திட்டம். 19 முதல் 25 வயது, திருமணமாகாதவர், ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் 50 சதவீதம், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு. இவை இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களை மதிப்பெண் அடிப்படையில் வடிகட்டி, எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வுக்கு நேராக அழைப்பார்கள். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆண்கள், பெண்கள் இருவருக்கும் இடம் உண்டு.

தேர்வானால் பயிற்சி வேறெங்கோ வடக்கே இல்லை. சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, இன்றைய ஓ.டி.ஏ. அதில் 49 வாரம். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட். பத்து ஆண்டு பணி, விரும்பினால் 14 வரை நீட்டிக்கலாம்; தகுதியிருந்தால் நிரந்தரப் பணியும் உண்டு.

இடங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடு முழுவதும் சுமார் 17 லட்சம் கேடட்டுகள். சிறப்பு நுழைவில் ஒரு பேட்சுக்கு நூறு இடம்கூட இல்லை. ஆனால் அது மட்டும்தான் வழி என்றில்லை. சி.டி.எஸ். எழுதியும் ஓ.டி.ஏ.வுக்குப் போகலாம். அதற்கு ஆங்கிலம், பொது அறிவு இரண்டு தாள்தான். கணக்குத் தாள் கிடையாது. கணக்கைக் கண்டு ஒதுங்கும் பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு இது பெரிய விஷயம்.

கடல் பிள்ளைக்குக் கடற்படை கஷ்டம்

இந்தக் கரைக்காரர்களுக்கு விசித்திரமாகப் படும் ஒன்று இருக்கிறது. சி.டி.எஸ். வழியாக ஏழிமலை கடற்படை அகாடமியில் சேர பொறியியல் பட்டம் வேண்டும். அங்கே இடங்களும் குறைவு. அதில் சில இடங்கள் என்.சி.சி. கடற்படைப் பிரிவின் 'சி' சான்றிதழ்காரர்களுக்கு. வெள்ளைச் சீருடை போட்டு மூன்று ஆண்டு படகு ஓட்டிய மாணவர் பி.ஏ. வரலாறோ பி.எஸ்சி. விலங்கியலோ படித்திருந்தால் இந்த வழியில் அவருக்கு இடமில்லை. அதே மாணவர் தரைப்படை அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். கடலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கடற்படையைவிட தரைப்படை கிட்டத்தில் இருக்கிறது!

அப்படியானால் கடலுக்குப் போக என்ன வழி? கடலோரக் காவல்படை. அங்கே பொதுப் பணிப் பிரிவில் உதவி கமாண்டன்ட் ஆவதற்குப் பொறியியல் கட்டாயமில்லை. பட்டம் வேண்டும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். மீனவ இளைஞர்களைக் கடலோரக் காவல்படையிலும் கடற்படையிலும் சேர்க்க, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அது குறிவைப்பது 'நாவிக்' பணியை, அதாவது மாலுமி வேலையை. நாவிக் பொதுப் பணிக்கு என்ன தகுதி? பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல். உதவி கமாண்டன்ட்டுக்கும் அதே கணிதம், அதே இயற்பியல், கூடவே ஒரு பட்டம். முன்னவரின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், பின்னவருக்கு 56,100. நடுவில் இருப்பது மூன்று வருஷக் கல்லூரியும் ஒரு நுழைவுத் தேர்வும் ஒரு நேர்காணலும். மீனவர் மகன் என்றதும் நம் மனசு தானாகவே மாலுமி வேலை வரைக்கும்தான் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. செய்துகொண்டேதான் இருக்கிறோம்.

மாலுமி வேலை குறைந்தது என்று சொல்ல வரவில்லை. வீட்டுச் சூழ்நிலை பார்த்து 18 வயதில் வேலைக்குப் போகிறவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஏற்கெனவே கல்லூரிக்கு வந்துவிட்ட பிள்ளையிடம், என்.சி.சி.யில் மூன்று ஆண்டு இருந்துவிட்ட பிள்ளையிடம், மேலே இருக்கிற படியைக் காட்டாமல் விடுவது நியாயமில்லை.

அந்த ஐந்து நாள்

எஸ்.எஸ்.பி. என்றால் என்ன என்று தெரியாததாலேயே பலர் விண்ணப்பிப்பதில்லை. முதல் நாள் அறிவுத்திறன் தேர்வு, ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி அதைக் குழுவில் பேசும் சோதனை. பெரும்பகுதியினர் அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு உளவியல் தேர்வுகள். ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம். 60 இக்கட்டான சூழ்நிலைகள். 30 நிமிடத்தில் என்ன செய்வாய் என்று எழுத வேண்டும். அடுத்து மைதானத்தில் குழுச் சோதனைகள், தனி நேர்காணல், கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் சேர்ந்து அமரும் கூட்டம்.

மைதானச் சோதனை நம்ம ஊர் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை. ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் மொத்தக் குழுவும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்பார்கள். யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பதில்லை. யார் யோசித்துச் சொல்கிறார்கள், யார் அடுத்தவனைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் மூச்சடக்கிக் கீழே போகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. உயிரை யார் கையில் கொடுப்பது என்ற கணக்கு அது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன படகில் நாலு பேர் பதறாமல் வேலையைப் பிரித்துக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பையனுக்கு, அந்தப் பலகையும் கயிறும் பயம் தராது.

பயம் தருவது ஆங்கிலம்தான். உள்ளே இருக்கிற தெளிவு வாயில் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் பேசி முடித்துவிடுகிறார். இலக்கணம் சுத்தமான ஆங்கிலம் அங்கே தேவையில்லை. தயங்காமல் பேசும் ஆங்கிலம் போதும். ஆனால் அது ஒரு வாரத்தில் வராது. முதலாம் ஆண்டிலேயே, பரேடு முடிந்து டிபன் பொட்டலம் கொடுக்கும் நேரத்துக்குப் பிறகு, வாரம் ஒரு மணி நேரம் ஐந்து ஐந்து பேராக உட்காரவைத்து ஏதாவது ஒரு செய்தியை ஆங்கிலத்தில் பேச விட்டால் மூன்றாம் ஆண்டில் வந்துவிடும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

செலவு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒரு நுழைவுத் திட்டத்தில் முதல்முறை எஸ்.எஸ்.பி.க்குப் போகிறவருக்குப் போக வர ஏ.சி. மூன்றடுக்கு ரயில் கட்டணம் கொடுத்துவிடுவார்கள். தங்குமிடம், சாப்பாடு அவர்களுடையது. பெங்களூரு மையம் கிடைத்தால் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறினால் போதும்.

யார் என்ன செய்யலாம்?

2020 சுதந்திர தினத்தன்று பிரதமர், எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173-ல் என்.சி.சி.யை விரிவாக்கி 1 லட்சம் பேரைச் சேர்ப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அறிவித்தார். கேடட் எண்ணிக்கை கூடுவது நல்லதுதான். ஆனால் ஒரு கல்லூரியின் என்.சி.சி. எப்படி இருக்கிறது என்று அளக்க, எத்தனை பேர் 'சி' வாங்கினார்கள் என்பதோடு, எத்தனை பேர் எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். தேர்வானவர்கள் கணக்குகூட வேண்டாம். விண்ணப்பித்தவர்கள் கணக்கு போதும். அந்த ஒரு எண்ணைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அடுத்த ஆண்டே பேச்சு மாறும்.

மாநில அரசு நாவிக் பயிற்சியோடு நிற்காமல், கடலோர மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்கு உதவி கமாண்டன்ட், சி.டி.எஸ்., எஸ்.எஸ்.பி. பயிற்சியையும் அதே திட்டத்தில் சேர்க்கலாம். வ.உ.சி. துறைமுகமும் கடலோரக் காவல்படை நிலையமும் இருக்கிற ஊரில், மாணவர்கள் முன்னால் வந்து பேச ஒரு அதிகாரி கிடைக்காமலா போவார்?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயம். பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்று முடிவு செய்கிற அன்றைக்கே கடலோரக் காவல்படையின் அதிகாரி பதவி திறக்கிறதா, மூடுகிறதா என்பது பாதி முடிவாகிவிடுகிறது. கணிதம்–இயற்பியல் இல்லாத குரூப் எடுத்தால் தப்பில்லை; தரைப்படை வழி இருக்கிறது. தெரிந்தே எடுக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் விட முடியாது. ஓ.டி.ஏ.யில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்று தீர்ப்பளித்தது. சிறப்பு நுழைவில் பெண்களுக்கு இடம் மிகவும் கொஞ்சம், விரல்விட்டு எண்ணலாம். அது கூட வேண்டும் என்று கேட்பது வேறு. இருக்கிற இடத்துக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது வேறு.

திரேஸ்புரத்து மாணவரிடம் இவ்வளவையும் சொன்னபோது அவர் போனை எடுத்து ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தைத் தேடினார். சிறப்பு நுழைவு அறிவிக்கை ஆண்டுக்கு இரண்டு முறை வரும். சமீப ஆண்டுகளில் பிப்ரவரி–மார்ச்சில் ஒன்று, ஜூலை–ஆகஸ்டில் ஒன்று. "ஐம்பது பர்சன்ட் இருக்கு சார். 'சி'ல 'பி' கிரேடு வாங்கணும், அதான?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் கதை எழுதுறது... அதை இங்கிலீஷ்ல யார்ட்ட சார் காட்டித் திருத்துறது?" என்றார்.