கடைக்காரரின் விசுவாசமும் ஆற்றின் விலையும்

2022 டிசம்பர் 29 அன்று இந்திய–ஆஸ்திரேலிய வணிக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், 5 டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயின் புட்டிக்கான சுங்கவரி 150 விழுக்காட்டிலிருந்து 100 ஆனது. 15 டாலருக்கு மேற்பட்ட புட்டிக்கு 75 ஆனது. பத்தாண்டுகளில் இவை முறையே 50, 25 என்று இறங்கும். திராட்சை விளையும் நாடுகளில் சிறு ஒயின் கடைக்காரர் ஒருவருக்கு இத்தகைய செய்தி தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். பக்கத்து ஊர்த் தோட்டக்காரரின் புட்டியை முன்வரிசையில் வைப்பதா, கடல் கடந்து மலிவாக வரும் புட்டியை வைப்பதா என்று அவர் யோசிக்க வேண்டும்.

திருநெல்வேலியில் அந்தத் தர்மசங்கடத்துக்கு இடமே இல்லை. 'ஒயின் ஷாப்' என்ற சொல் எங்கள் ஊரில் உண்டு. அங்கே போய் ஒயின் கேட்டவரை நாங்கள் பார்த்ததில்லை. 2003 நவம்பர் முதல் அந்தக் கடைக்கு அரசே உரிமையாளர். டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் வெளிநாட்டு மது வகைகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் 1987 முதல் கள் இறக்கினால் குற்றம். தேரிக்காட்டுப் பனையில் ஊறுவதை விற்கக் கூடாது, எந்தக் கண்டத்துத் திராட்சையில் ஊறியதையும் அரசு விற்கலாம். இவ்வளவு பெரிய கடைக்காரரிடம் 'ஐயா, உங்கள் விசுவாசம் எந்தப் பக்கம்?' என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியெல்லாம் பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

பாளையங்கோட்டையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் அண்மையில் அந்தக் கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. 2017-இல் கோக், பெப்சி புறக்கணிப்பு ஏன் தோற்றது என்று ஒரு நண்பர் பேசினார். வியாபாரிக்கு லாபமே தாய்நாடு என்றார். வ.உ.சி. பிறந்த மண்ணில் இப்படியா என்றார். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் காகிதக் கோப்பையில் ஊற்றித் தரப்பட்ட குளிர்பானம் எந்தக் கம்பெனியுடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.

நண்பரின் தமிழில் குறையில்லை. கணக்கில் குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் குளிர்பெட்டி. இலக்கியவாதிகள் கடைக்குப் போனால் புட்டியைப் பார்க்கிறார்கள். கடைக்காரர் பார்ப்பது பெட்டியை. பெட்டிக்கடையில் நிற்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி பெரும்பாலும் கடைக்காரருடைய சொத்து அன்று. குளிர்பானக் கம்பெனி தருவது. தருகிறவர்கள் விதிக்கும் நிபந்தனை, தங்கள் சரக்கைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பது. நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடை அண்ணாச்சியிடம் இதைக் கேட்டோம்.

"பெட்டி அவுகளது தம்பி. கரண்டு பில்லு மட்டும்தான் நம்மளது. பொவண்டோவ உள்ள வச்சா, ஆளு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போறான். கோடையில பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாம்னா, பால் பாக்கெட்ட எங்கன வைக்க?"

பால் பாக்கெட்டும் தயிரும் அந்தப் பெட்டியின் அடித்தட்டில், புட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. வருகிற மேற்பார்வையாளர் அதைக் கண்டும் காணாமல் விடுவாராம். ஆனால் பொவண்டோவை விடமாட்டாராம்.

இதில் வ.உ.சி.யை இழுத்தது நண்பர்தான் என்பதால், அந்தக் கதையையும் முழுதாகச் சொல்லிவிடுவோம். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணமும் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்று இறங்கியதாகச் சொல்வார்கள். அந்தக் குடையின் பேரன்தான் இந்தக் குளிர்பெட்டி. குடை வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரன் கப்பலில் ஏறிய கொழும்புக் கூலியை வ.உ.சி. துரோகி என்று வைததாக நாங்கள் படித்ததில்லை. அவர் செய்தது கப்பல் வாங்கியது. பங்கு சேர்க்க ஊர் ஊராக அலைந்தது. 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றது. சுதேசி என்பது அவரிடத்தில் முதலும் கணக்கும் கூலியுமாக இருந்தது. அது வெறும் மேடைச் சொல்லாக ஆனது பிற்காலத்தில். அந்த மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கடைகளை அடைத்தவர்கள் இதே வியாபாரிகளின் முன்னோர்தாம். 13-ஆம் தேதி திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது மகிழ்ந்தவர்கள், அதைப் படித்தும் இருந்தால் வியாபாரியைப் பற்றி இவ்வளவு எளிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். 1912 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த வ.உ.சி.க்கு வழக்கறிஞர் தொழிலும் இல்லை, கப்பலும் இல்லை; சங்கம் 1911-இலேயே கலைக்கப்பட்டிருந்தது. சென்னையில் அவர் சிறு கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் என்னென்ன சரக்கு அடுக்கினார் என்று விசுவாசச் சோதனை நடத்த எவரேனும் துணிவார்களா?

கடைக்காரரின் விசுவாசம் கைமாற்றப்படும் முறையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போயிற்று. அதன்பின் பதினாறு ஆண்டுகள் எங்கள் கடைகளில் கோல்ட் ஸ்பாட்டும் லிம்காவும் தம்ஸ் அப்பும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பெயரில் 'கலர்' என்று அழைத்தோம். 1993-இல் பார்லே முதலாளிகள் அவற்றை மொத்தமாகக் கோகோ கோலாவுக்கு விற்றார்கள். ஒரே இரவில் சுதேசிப் புட்டி விதேசிப் புட்டியானது. கடைக்காரர் தட்டைக்கூட மாற்றி அடுக்கவில்லை. கோல்ட் ஸ்பாட் பிறகு சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள்? 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் விற்காமல் நின்றது என்பது உண்மை. அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் நின்றவர்கள் அங்கே ஆலை முதலாளிகள். மிளகாய் வற்றலும் பீடியும் விற்கும் ஒருவரிடம் அதே உறுதியைக் கேட்பதற்கு முன், அவரிடம் விற்கவோ விற்க மறுக்கவோ என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இனி 2017. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அந்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதே மாதம் சல்லிக்கட்டுப் போராட்டம். அந்தச் சூட்டில், தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. 2024-இல் மறைந்த த. வெள்ளையன் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளாகவே சொல்லிவந்தவர்கள். அவர்களுடைய நேர்மையில் எங்களுக்கு ஐயமில்லை. 2003-இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இந்தப் பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகச் சொன்னதும் மறக்கக்கூடியதன்று. எங்கள் ஊரிலும் பல கடைகளில் புட்டிகள் இறங்கின. கேட்டவர்களிடம் 'இல்லை' என்று சொல்வதில் சில அண்ணாச்சிகளுக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. கையிருப்பில் காசு கொடுத்து வாங்கிய சரக்கு முடங்கியதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை.

மார்ச் 1 புதன்கிழமை. மறுநாள் மார்ச் 2, வியாழக்கிழமை. அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த பொதுநல மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2016 நவம்பர் 21 அன்று விதிக்கப்பட்டிருந்த இடைக்காலத் தடை அத்துடன் நீங்கியது. புதன்கிழமை அண்ணாச்சி புட்டியைக் கடையிலிருந்து இறக்கினார். வியாழக்கிழமை ஆற்றிலிருந்து ஆலைக்குக் குழாய் திறந்துகொண்டது. புறக்கணிப்பு எங்கே தோற்றது என்று தேடும் நண்பர்கள் இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கட்டும்.

வழக்கில் சொல்லப்பட்ட விலை 1000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அதாவது ஒரு லிட்டர் நான்கு காசுக்கும் கீழே. அதே தண்ணீர் புட்டிக்குள் போய் வெளியே வந்தால் அன்று லிட்டர் 20 ரூபாய், கலரும் சர்க்கரையும் சேர்ந்தால் அதற்கும் மேல். இந்த வியாபாரத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்றவர் யார் என்று பார்த்தால் அது பெட்டிக்கடைக்காரர் அல்லர். அரசுத் தரப்பு சொன்ன நியாயம், ஆலைக்குப் போவது உபரி நீர் என்பது. நாம் சொற்களோடு புழங்குகிறவர்கள். 'உபரி' என்ற இந்தச் சொல்லின் முன் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி திருவைகுண்டத்தில் முடிகின்றன. தண்ணீர் குறைந்த ஆண்டில் கார் சாகுபடியைக் கைவிட்டுப் பிசானத்துக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரரிடம் போய் உபரி என்றால் என்னவென்று கேட்டால் தெரியும். வறட்சி என்று அரசாணை போட்ட அதே பருவத்தில், அதே அரசின் இன்னொரு துறை நீதிமன்றத்தில் உபரி என்று வாதாடியது. விசுவாசத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமானால் இங்கே தொடங்கியிருக்கலாம்.

நியாயமாகச் சொல்வதானால், இதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். 2005-இலேயே கங்கைகொண்டானில் ஆலைக்கு எதிராகக் கூட்டங்களும் ஊர்வலங்களும் நடந்தன. எங்களில் சிலர் அப்போது போனோம். பலர் தாமிரபரணியைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் 2004 மார்ச்சில் கோகோ கோலா ஆலை நின்றது. அங்கே ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கேரளத்துப் பெட்டிக்கடைக்காரர்களின் தேசபக்தி அங்கே கேள்வியாகவே வரவில்லை. கிணற்று நீர் கெட்டவர்கள், கெடுத்த இடத்தின் வாசலில் நின்றார்கள். நம்முடையது தலைகீழ்ப் போராட்டம்: வாசலில் நின்றவர்கள் குறைவு, கடையில் நின்று கேள்வி கேட்டவர்கள் அதிகம். காரணம் எளிது. ஆலை வாசலில் காவலர் இருப்பார். கடையில் அண்ணாச்சி மட்டும்தான் இருப்பார். அவரும் 'உக்காருங்க தம்பி' என்பார்.

கடைக்காரர்கள் எல்லோரும் மாசற்றவர்கள் என்பது எங்கள் வாதமன்று. அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் 'கூலிங் சார்ஜ்' வாங்குகிறவர்களோடு நாங்களும் சண்டை போட்டிருக்கிறோம். அந்த மார்ச்சிலேயே மறைவாக விற்றவர்களும் உண்டு. ஏப்ரல் வெயில் வந்ததும் பெட்டிகள் பழையபடி நிரம்பின. ஆனால் வாரக் கடனுக்குச் சரக்குப் போடும் விநியோகஸ்தர், பெட்டியைத் தந்த கம்பெனி, கேட்டது கிடைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்கு நடக்கும் வாடிக்கையாளர், சந்தா வாங்கும் சங்கம் என்று நான்கு பக்கமும் கட்டப்பட்ட ஒருவரிடம் ஐந்தாவதாக நாட்டையும் கொண்டுபோய்க் கட்டுவதற்குமுன் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

இப்போது நாட்டுப்பற்றுள்ள கோலாவும் வந்துவிட்டது. பழைய காம்பா கோலாவை ரிலையன்ஸ் 2022-இல் வாங்கி, மறு ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. 200 மில்லி 10 ரூபாய். இந்தியக் கம்பெனி, இந்திய முதல், சந்தேகமில்லை. அதே நிறுவனம்தான் நாட்டின் மிகப் பெரிய சில்லறைக் கடைச் சங்கிலியையும் நடத்துகிறது. அண்ணாச்சியின் மளிகை வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருக்கும் கடைகளில் அதுவும் ஒன்று. அந்தப் புட்டியைத் தம் கடை முன்வரிசையில் அடுக்கினால் அது சுதேசியா, தற்கொலையா? சங்கத்து மேடையும் சரி, இலக்கிய மேடையும் சரி, இதற்கு என்ன விடை சொல்லும் என்று அறிய ஆவலாக இருக்கிறோம்.

அதுவரை நண்பர் வேறொரு கடைக்காரரிடம் போய்க் கேட்கலாம். அவர் விலாசம் எல்லோருக்கும் தெரியும். கங்கைகொண்டானுக்கு இன்று எத்தனை லிட்டர் போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று, அதே நாளில் திருவைகுண்டத்தில் எவ்வளவு இருந்தது என்று கொக்கிரகுளத்தில் ஆற்றைப் பார்த்தாற்போல் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் தினமும் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கச் சொல்லலாம். அண்ணாச்சி தம் கடையில் பால் விலையை அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

போகிற வழியில் ஒன்று. அன்றைய கூட்டத்துக்கு வாங்கிய குளிர்பானத்துக்கு இன்னும் பணம் தரவில்லையாம். பற்று நோட்டில் நண்பரின் பெயரிலேயே இருக்கிறது.