பொம்மைப் படமும் உபதேசமும்

பாடம் சொல்லுகிற எதுவும் கலையாகாது என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகு நாளாக உலவுகிறது. அதிலும் பாடம் சொல்லுவது ஒரு பொம்மைப் படமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு கோமாளி, அவன் வாயில் சர்க்கார் எழுதிக் கொடுத்த ஒரு பிரசங்கம், அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரசிகர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையிலேயே ஒப்புக்கொள்வதற்கில்லை.

வெறும் தர்க்கம் வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். ராம் மோகன் 1931ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவர். ரசாயனம் படித்தவர் சோதனைக் குழாயைத் தேடிப் போகாமல், 1956ல் பம்பாயில் மத்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழில் கற்றுக் கொடுத்தவர் கிளேர் வீக்ஸ் என்ற அமெரிக்கர். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவு 1957ல் தயாரித்த 'பானியன் டீர்' என்ற படம் புத்த ஜாதகக் கதை ஒன்றைச் சொன்னது. அமெரிக்கனிடம் தொழில் கற்றார்கள். கதையை நம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கற்பதென்றால் இதுதான்.

1968ல் சர்க்கார் வேலையை விட்டார். 1972ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' ஆகிய படங்களில் வரும் சித்திரப் பகுதிகளில் அவர் கை இருக்கிறது. ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து ராமாயணத்தை முழுநீளச் சித்திரப் படமாக்கினார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2006ல், இந்தக் கலையைக் கற்றுத்தர ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். 2014ல் பத்மஸ்ரீ. 2019ல் காலமானார். இவ்வளவையும் சொன்ன பிறகு, 'யார் அவர்?' என்றுதான் நம்மில் பெரும்பாலோர் கேட்போம். ஒரே ஒரு படத்தில் தலைகாட்டிய நடிகரின் நாய்க்குட்டியின் பெயர்கூட நமக்குத் தெரியும். போகட்டும்.

அவருடைய தொழில் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரையில் ஒரு வினாடி ஓட இருபத்து நான்கு கட்டங்கள் வேண்டும். பத்து நிமிஷப் படத்துக்கு 14,400 கட்டங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு கட்டத்துக்கு வைத்துச் சிக்கனம் பிடித்தாலும் 7,200 சித்திரங்கள். கம்ப்யூட்டர் வராத காலத்தில் இவற்றையெல்லாம் கையால் வரைந்து, கண்ணாடி போன்ற தாளில் பிரதி எடுத்து, வர்ணம் பூசி, காமிராவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிக்க வேண்டும். என்னைப் போன்றவன் ஒரு பாத்திரத்தை, 'அவன் எழுந்து வாசலுக்குப் போனான்' என்று நாலே வார்த்தையில் அனுப்பிவிடுவான். இந்தத் தொழில்காரன் அவனை வாசலுக்கு அனுப்ப இரண்டு நாள் குனிந்து உட்கார வேண்டும். ஆகவே அவன் தேவையில்லாமல் யாரையும் வாசலுக்கு அனுப்பமாட்டான். யந்திரமும் காசும் சேர்ந்து அவனுக்கு விதித்த சிக்கனம் இது. கலையில் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நம் தொடர்கதைக்காரர்களுக்கு இந்தத் தண்டனையை ஆறு மாதம் கொடுத்தால் தமிழுக்கு நன்மை உண்டு.

இப்போது அந்த 'உபதேசம்' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம்.

1990களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யூனிசெப், தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காக 'மீனா' என்ற பாத்திரத்தை உருவாக்கியது. அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ராம் மோகன். அந்தப் பெண் இந்தியாவிலும் நம் வீட்டுக் குழந்தையாகத் தோன்ற வேண்டும். வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் அப்படியே தோன்ற வேண்டும். முகமும் உடையும் ஓர் இடத்துக்குப் பொருந்தினால் இன்னோர் இடத்துக்கு அந்நியமாகிவிடும். வரைந்த படங்களைக் கிராமங்களுக்கு எடுத்துப் போய் ஜனங்களிடம் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். நம் இலக்கியக்காரர்களில் எத்தனை பேர் எழுதியதை எடுத்துக்கொண்டு எந்தக் கிராமத்துக்குப் போனார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் சங்கடம்.

அந்த வரிசையில் மாம்பழத்தைப் பற்றி ஒரு கதை. மீனா மாம்பழம் கொண்டு வருகிறாள். வீட்டில் பங்கு போடும்போது பெரிய பங்கு தம்பி ராஜுவுக்குப் போகிறது, அவன் ஆண்பிள்ளை. ஏன் என்று அவள் கேட்கிறாள். உடனே ஒரு பெரியவர் வந்து சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாரா? இல்லை. அக்காளும் தம்பியும் ஒரு நாளைக்கு வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். பையன் அவளுடைய வேலைகளைச் செய்து களைத்துப் போகிறான். சாப்பாட்டு வேளையில் அவளுக்கு வழக்கமாகக் கிடைக்கிற சின்னப் பங்கு அவனுக்குக் கிடைக்கிறது. பசி அவனுக்குச் சொல்லித் தருகிறது. வேறு யாரும் சொல்லவில்லை. இதைக் கலை அல்ல என்பவர் எதைக் கலை என்பார்? ஒரு நியாயத்தை வார்த்தையிலிருந்து எடுத்து வயிற்றில் வைப்பதற்குத்தானே கதைக்காரர்கள் அத்தனை பேரும் தலைகீழாக நிற்கிறோம்?

இதில் பணயம் வெறும் ரசனை அல்ல. அந்தத் தட்டில் குறைகிற சோறு நிஜச் சோறு. இந்தத் தேசத்தில் அடுக்களையில் நின்றபடி மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிற பெண்கள் நிஜப் பெண்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாயின் கண்ணுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க என் நாவலால் முடியாது. பத்து நிமிஷப் பொம்மைப் படத்தால் முடியும். அதை ஏளனம் செய்ய எனக்கு நாக்கு வரவில்லை.

மோசமான பிரசாரப் படம் இல்லையா என்பீர்கள். ஏராளமாக உண்டு. மோசமான காதல் கதையும் ஏராளமாக உண்டு. அதற்காகக் காதலைக் கதையிலிருந்து தள்ளிவிட்டோமா? குற்றம் நோக்கத்தில் இல்லை. ஜனங்களைச் சிறுபிள்ளைகளாக நினைத்து அதட்டுவதில் இருக்கிறது. அறுபதுகளில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சர்க்கார் படம் காட்டியது. ஜனங்கள் சிரித்தார்கள், யோசித்தார்கள், சிலர் எழுந்தும் போனார்கள். அது அவர்கள் உரிமை. 1975ல் வந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அதே காரியத்துக்காக மனிதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம்ப வைப்பது வேறு, பணிய வைப்பது வேறு. முதலாவதற்குக் கலைஞன் வேண்டும். இரண்டாவதற்குப் போலீஸ்காரர் போதும்.

ரசிகர்களைவிட இன்று அதிக ஆபத்தானவர்கள் வேறு ஒரு கட்சியார்: யந்திர பக்தர்கள். இவர்களுக்குச் சித்திரமும் கதையும் முக்கியமில்லை. திரை பெரிதாக இருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பெருமையோடு என்னை அழைத்துப் போய்ச் சுவரை அடைத்து நின்ற திரை ஒன்றைக் காட்டினார். பாடப் புத்தகத்தின் பக்கங்களையே படம் பிடித்து அதில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "ஸார், பிள்ளைகள் இப்போது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் படிக்கிறார்கள்" என்றார். இதற்கு முன்னால் காதால் பார்த்தார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

2022ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன் தொழிலுக்கென்று ஒரு பணிக்குழு அமைப்பதாக அறிவித்தார்கள். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். சந்தோஷம்; வேலை வேண்டியதுதான். ஆனால் அந்நிய நாட்டுக் கம்பெனி அனுப்புகிற பொம்மைக்கு வர்ணம் அடித்துக் கொடுப்பதோடு அந்த வேலை நின்றுவிட்டால், நாம் வளர்ப்பது கலைஞர்களை அல்ல, கூலிகளை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மூன்று மாதத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். எந்த மாம்பழத்தை யார் கையில் கொடுப்பது என்பதைக் கற்றுக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

அதற்குக் கோடிகள் வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்க மூலைகளில் ஒரு பறவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரையச் சொல்லுங்கள். இருபத்து நான்கு பக்கத்தை விரலால் விரைவாகத் தள்ளினால் பறவை பறக்கும். பறந்ததும் அந்தக் குழந்தையிடம், 'இது எங்கே போகிறது?' என்று கேளுங்கள். அது பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் கதை பிறந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த வாத்தியாரை முதலில் தேடுவோம். திரையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.