கல்வியாண்டின் நடுவில் பணி ஓய்வு: ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயதுதான் மாறியது, ஓய்வு நாளைக் கணக்கிடும் முறை மாறவில்லை. பிறந்த மாதத்தின் கடைசி நாளே பணியின் கடைசி நாள். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். அலுவலகத்துக்கு இந்தக் கணக்கு சரி. ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பள்ளிக்குச் சரிவராது.

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தரும் நடைமுறை ஏற்கெனவே உண்டு. விண்ணப்பம் கொடுத்து, ஆணைக்குக் காத்திருந்து பெறும் சலுகையாக அது இருக்கக் கூடாது. ஆசிரியர் வேண்டாம் என்று எழுதித் தந்தாலொழிய, கல்வியாண்டின் கடைசி வேலைநாளே அவருடைய கடைசி நாளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் டிசம்பர் 31இல் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தியவர் அவர். பின்னத்தில் தடுமாறுபவன் யார், விடை தெரிந்தும் வழிமுறை எழுதாமல் மதிப்பெண்ணை இழப்பவள் யார் என்பது அவருக்குத்தான் தெரியும். விடுமுறை முடிந்து பிள்ளைகள் வரும்போது அவர் இல்லை. ஜனவரியில் திருப்புதல் தேர்வு, அடுத்துப் பொதுத்தேர்வு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வந்தாலும், பிள்ளைகளின் பெயரைப் படிப்பதற்குள் தேர்வு வந்துவிடும்.

வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களின் வாய்ப்பை இது பறிக்கும் என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் நாங்கள் கேட்பது சில மாதங்கள்தான், ஓய்வு வயதை மேலும் உயர்த்தச் சொல்லவில்லை. யார் எப்போது ஓய்வு பெறுவார் என்பது பணிப்பதிவேட்டில் முன்பே இருக்கிறது. அந்த இடங்களை முன்கூட்டிக் கணக்கிட்டுத் தேர்வு நடத்தினால், புதியவர் ஜூன் முதல் நாளே வகுப்பில் நிற்கலாம்.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பவை:

1. மறுநியமன ஆணை, ஓய்வு நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியர் கையில் கிடைக்க வேண்டும்.

2. மறுநியமனக் காலச் சம்பளம் மாதந்தோறும் தடையின்றி வர வேண்டும்.

3. பணிப்பதிவேட்டுச் சரிபார்ப்பும் தணிக்கைத் தடை நீக்கமும் ஓய்வுக்கு ஓராண்டு முன்பே முடிய வேண்டும். பணி நிறைவுப் பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்திய கையோடு, பழைய ஊதிய நிர்ணயத்தில் பிழை என்று பணிக்கொடையை நிறுத்தி வைப்பது முறையல்ல.

4. உடல்நலமோ குடும்பமோ காரணமாக உரிய நாளிலேயே விடைபெற விரும்புபவரை வற்புறுத்தக் கூடாது.

எங்கள் பங்குக்கும் ஒரு கடமை உண்டு. ஓய்வு பெறும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வகுப்பின் மெல்லக் கற்போர் பட்டியல், நடத்திய பாடங்கள், பாக்கிப் பாடங்கள் மூன்றையும் எழுத்தில் ஒப்படைத்துவிட்டே வெளியேற வேண்டும் என்று எங்கள் கிளைகளுக்கு அறிவுறுத்துகிறோம். ஆணைக்காகக் காத்திருக்காமல், வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குகிறோம்.

– மாநிலச் செயற்குழு