கட்டாவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பிடி: சாய்க்கிறதுக்கு முன்னாடி விழக் கத்துக்கொடுங்க

1/ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஞாயிறு காலையில் அபார்ட்மென்ட் மொட்டை மாடிகளைப் பாருங்க. வெள்ளை உடுப்பில் பிள்ளைங்க வரிசையா நின்னு காற்றைக் குத்திட்டு இருப்பாங்க. அந்த வரிசைக்குப் பேர் கட்டா. அதுக்குள்ள ஆளைச் சாய்க்கிற பிடிகளும் இருக்கு. அதைப் பற்றி ஒரு டாக்டரா எனக்கு ஒரு கருத்து உண்டு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ ஆரம்பத்தில் சொல்லித்தர்ற ஹெய்யான் ஷோதானை எடுத்துக்குங்க. இடப்பக்கம் திரும்பி ஒரு கையைக் கீழே வீசணும், இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கணும். கேட்டா "உதையைத் தடுக்கிறோம்"னு சொல்வாங்க. சரி, அந்த இன்னொரு கை ஏன் இடுப்புக்குப் போகுது? "பவர் வரும்" என்பதுதான் வழக்கமான பதில்.

3/ வேற விளக்கமும் இருக்கு. இடுப்புக்குப் போற கை வெறுங்கை இல்லை, எதிராளியோட கையைப் பிடிச்சு இழுக்குது. கீழே வீசுற கை அவர் மார்புக்குக் குறுக்கே போகுது. திரும்பி வைக்கிற கால் அவர் காலுக்குப் பின்னால் நிக்குது. உடம்போட எடை பாதத்துக்கு வெளியே போயிடுச்சுன்னா எந்த பயில்வானும் சாய்வார்.

4/ இது கற்பனையா? ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ போன ஃபுனாகோஷி கிச்சின், 1935-ல் வந்த 'கராத்தே-தோ க்யோஹான்' நூலில் சாய்க்கும் பிடிகள் ஒன்பதைக் காட்டியிருக்கார். அவருக்கு முன்னாடியே இதோசு அன்கோ கராத்தேயை ஒகினாவா பள்ளிகளுக்குள்ள கொண்டுபோனார். பிள்ளைகளுக்குக் கூட்டமா சொல்லித்தரும்போது குத்தும் தடுப்பும் முன்னுக்கு வந்து, பிடி பின்தங்கிடுச்சு. நம்ம குத்துவரிசையிலும் பேர்ல குத்து இருந்தாலும் பூட்டும் பிடியும் உண்டு.

5/ அதுக்காக எல்லா அசைவுலயும் ஒரு பிடியைக் கண்டுபிடிக்காதீங்க. எக்ஸ்ரேயிலும் தேடுறதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த ஆபத்து இங்கேயும் உண்டு. ஒரே சோதனைதான்: எதிரில் நிக்கிறவர் ஒத்துழைக்காம முறுக்கிக்கிட்டாலும் அது வேலை செய்யுதா? செய்யலைன்னா அது வெறும் கதை.

6/ இப்ப என் துறைக்கு வர்றேன். பிடின்னா யாரோ ஒருத்தர் விழணும். விழத் தெரியாத பிள்ளை கையை ஊன்றும். மணிக்கட்டு, முழங்கைக்கு மேல் எலும்பு, காறை எலும்பு உடையும். மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபட்டா மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். ஜப்பான் பள்ளிகளில் 1983-லிருந்து சுமார் முப்பது வருஷத்தில் ஜூடோவில் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்காங்க, பெரும்பாலும் தலைக்காயம்தான். அது மெத்தை விரிச்ச கூடம். நம்மது சிமென்ட் தரை.

7/ இங்கே எந்த பேக்டரியிலும் சேஃப்டி ஷூ இல்லாம ஷாப் ஃப்ளோருக்குள்ள விடமாட்டாங்க. உங்க பிள்ளைக்கும் அதே கண்டிப்பு வேணும். மாஸ்டரைக் கேளுங்க: மெத்தை இருக்கா? சாய்க்கிறதுக்கு முன்னாடி பல வாரம் உகேமி, அதாவது விழும் பயிற்சி, தர்றாங்களா? தாடையை நெஞ்சோட சேர்க்கச் சொல்லித்தர்றாங்களா? தலையில் அடிபட்டா அன்னிக்குப் பயிற்சி முடிஞ்சது. தலைவலி கூடிக்கிட்டே போனாலோ, வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பம்னு ஏதாவது வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

8/ அப்ப பிடியே வேணாமா? வேணும். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வர்ற பொண்ணோட கையை ஒருத்தன் பிடிச்சா, அது குத்துற தூரமே இல்லை. பிடியை விடுவிச்சு, அவனைத் தடுமாற வெச்சு, ஓடத் தெரியணும். காற்றைக் குத்தி அது வராது.

9/ அதனால என் கருத்து இதுதான்: கட்டாவைப் பிரிச்சு அர்த்தத்தோட சொல்லித்தரணும், ஆனா விழுறதுதான் முதல் பாடம். அடுத்த பெல்ட்டுக்குப் பணம் கட்டும் முன்னாடி, "எங்க பிள்ளைக்கு விழத் தெரியுமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.