எத்தனை கிரெடிட் கழியும்?

டிப்ளோமா முடித்த போர்ட் கிள்ளான் மாணவருக்கு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் இடம் தந்தால், முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட் கணக்கு. கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகப் பெயர் பிறகு. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி, டிப்ளோமாவிலிருந்து 30 விழுக்காடு வரை, அதாவது 36 கிரெடிட், மாற்றலாம். பாடத்தில் சி கிரேடாவது வேண்டும். பாடத்திட்டம் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். அந்த 30 விழுக்காடு உச்சவரம்புதான், உரிமையல்ல. ஒரே சான்றிதழுக்கு ஓரிடம் தாராளமாகக் கழிக்கும், இன்னோரிடம் கைவிரிக்கும். கழியாத பாடம் கட்டணமாகத் திரும்பி வரும். விலக்கு தரும் பாடங்களின் பட்டியலை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டுவது அவசரம். அடுத்தது தூரம்: சுபாங் ஜெயாவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே கொமுட்டர் ரயிலில் போய்வரலாம், கெடா மாநிலம் பெடோங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் என்றால் விடுதிச் செலவும் சேரும்.